கூண்டின் கனம்

கரண்ட் போய் மருத்துவமனை லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஸ்ட்ரெச்சரில் லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி. ஸ்கேனுக்குக் கூட்டிப்போன அவருடைய தம்பியும் நர்ஸும் கூடவே. மெக்கானிக் உச்சி மாடி மோட்டார் அறைக்கு ஓடினார்.

பிரேக்கைக் கையால் தளர்த்தினால் எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கம் இறங்கும். கம்பிவடத்தின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடை, காலிக் கூண்டைவிட இருநூற்றைம்பது கிலோ அதிகம். தம்பி, நர்ஸ், ஸ்ட்ரெச்சர் சேர்ந்து இருநூறு. மனைவி அறுபத்தைந்து. இருபது வருட மெக்கானிக்குக்கு இதெல்லாம் ஒரு கணக்கா?

"பயப்படாதடா, கீழதான் வரும்" என்று போனில் சொல்லிவிட்டுத் தளர்த்தினார்.

"அண்ணே, மேல போகுதே."

பிரேக்கை இறுக்கிவிட்டு, போனை வைக்காமலே வாய்விட்டு மறுபடி கூட்டினார். இருநூறு சரிதான். அறுபத்தைந்து, அவள் படுக்கையில் விழுவதற்கு முந்தைய எடை. இப்போது முப்பதாவது இருக்குமா? காலையில்தான் ஒரு கையால் அவளைத் தூக்கிக்கொண்டு மறுகையால் விரிப்பை மாற்றியிருந்தார்.

"அண்ணி சிரிக்கிறாங்கண்ணே. உங்கண்ணன் கணக்குல நான் இன்னும் குண்டாத்தான் இருக்கேன்னு சொல்றாங்க."

மெக்கானிக் மறுபடி பிரேக்கைத் தளர்த்தினார். கூண்டு அது பாட்டுக்கு ஏறியது.