தனக்கோடி கேட்ட கேள்விகள்

தனக்கோடி மேடையேறினால் அடுக்குமொழி பேசமாட்டாள். கேள்வி கேட்பாள். கேட்டுவிட்டு, கூட்டம் பதில் சொல்லும்வரை அப்படியே நிற்பாள். மாடம்பாக்கத்தில் கத்தரித் தோட்டம் வைத்திருந்த குடும்பத்துப் பெண். இப்போது கட்சியின் ஒன்றிய மகளிரணிச் செயலாளர். அவள் பேசுகிறாள் என்றால் தாம்பரத்திலிருந்துகூட ஆட்கள் சைக்கிளில் வருவார்கள்.

1989 கோடையில் மாடம்பாக்கத்துக் கிணறுகள் வற்றின. புது மனைகளை மேடாக்குவதற்கு ஏரிக்கரையோரம் லாரி லாரியாக மண் அள்ளியதில், முந்தின மழையிலேயே கரை உடைந்து தண்ணீர் முழுக்கப் போய்விட்டது. அதற்குப் பிறகும் லாரிகள் நிற்கவில்லை. அவை கட்சியின் மாவட்டப் பொருளாளர் ஏகநாதனுடையவை.

பொதுக்கூட்டத்தன்று மாலை அவர் மேடைக்குப் பின்னால் அவளை மடக்கினார்.

"தலைவரைப் பத்தி பேசு, தேர்தலைப் பத்தி பேசு. லாரின்னு ஒரு வார்த்தை வரக்கூடாது, இன்னா?"

"வராதுண்ணா."

மேடையோரம் ஒரு போலீஸ்காரர் வழக்கம்போலப் பேச்சைக் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தார். மைக்கைப் பிடித்தவள் முன்வரிசையைப் பார்த்தாள்.

"கங்கையம்மா, இன்னிக்கு எங்க தண்ணி எடுத்தே?"

கங்கையம்மாள் கூச்சத்தோடு எழுந்தாள். "ரோட்டாண்ட பம்புலதான். விடிகாலைல போனவ, மத்தியானம்தான் வந்தேன்."

"உன் வூட்ல கெணறு இல்லியா?"

"கீது. தண்ணிதான் இல்ல."

கூட்டம் சிரித்தது. தனக்கோடி சிரிக்கவில்லை.

"எத்தினி வூட்ல கெணறு காஞ்சிகீது? கை தூக்குங்க."

சிரித்தவர்களெல்லாம் கை தூக்கினார்கள்.

"போன மழைல ஏரி ரொம்புச்சா?"

"ரொம்புச்சு!"

"அந்தத் தண்ணி எங்க?"

"கரை ஒடஞ்சி பூட்ச்சு!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"தானா ஒடஞ்சிச்சா?"

எல்லார் கண்களும் மேடைக்குப் போயின. ஏகநாதன் மேடையில்தான் உட்கார்ந்திருந்தார். தனக்கோடி அவர் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டத்தைப் பார்த்தபடி நின்றாள். கடைசியில் ஒரு பெண் "லாரி!" என்று கத்தினாள். அவ்வளவுதான், கூட்டம் மொத்தமும் கத்தத் தொடங்கியது. மைக் செத்தது. தனக்கோடி மேடையிலிருந்து இறங்கிப் பெண்களுக்கு நடுவில் போய் நின்றாள்.

"காலைல ஏரிக்கரைக்கு யார் யார் வர்றீங்க?"

இருநூறு பேர் வந்தார்கள். பாதையில் உட்கார்ந்தவர்களைப் பார்த்துவிட்டு லாரிகள் வந்த வழியே திரும்பின. அந்தக் கோடையில் மறுபடி வரவில்லை.

மூன்றாம் நாள் கட்சி அலுவலகத்தில் ஏகநாதன் அவள்முன் வெள்ளைத்தாளை நீட்டினார். "மன்னிப்புக் கடிதம் எழுது."

"எதுக்குண்ணா? போலீஸ்காரர் என் பேச்சை எழுதிகினு இருந்தாரே, வாங்கிப் படிங்க. நீங்க சொன்ன வார்த்தை என் வாயில வந்திருந்தா எழுதித் தர்றேன்."

"கேலி பண்றியா? பொறுப்புலேர்ந்து எடுத்துடுவோம்."

"எடுத்துக்குங்க. வாயையும் சேத்தா எடுக்கப்போறீங்க?"

எடுத்துவிட்டார்கள். பதினைந்து வருஷம் சுவரொட்டி ஒட்டி, கொடி கட்டி அவள் வளர்த்த கட்சி.

அடுத்த வாரம் சேலையூர்ப் பக்கத்துக் காலனியிலிருந்து ராஜகோபாலன் என்ற பள்ளி ஆசிரியர் தேடிவந்தார்.

"எங்க காலனிக்கு இன்னும் ரோடு போடலை மேடம். ஒரு மீட்டிங் வெச்சிருக்கோம், நீங்க வந்து பேசணும். கட்சி மேடை இல்லை, பரவாயில்லையா?"

"பொம்பளைங்க வருவாங்களா சார்?"

"நான் வரச் சொல்றேன்."

"நீங்க சொல்லவேணாம்" என்று செருப்பை மாட்டினாள் தனக்கோடி. "வாங்க, வூடு வூடா நானே கேக்கறேன்."