இரண்டு தேதிக் கல்யாணம்

முட்டை விலை மூன்றாம் முறையாக ஏறிய வாரத்தில், ஃபிரிஸ்கோவில் நஞ்சுண்டன் வீட்டு சோஃபாவில் அயர்லாந்துத் தம்பதி ஒன்று வந்து உட்கார்ந்தது. அவர்களுக்குக் கல்யாணமாகி நூற்று அறுபது வருடத்துக்கு மேலாகியிருந்தது. இறந்தும் நூறு வருடம் தாண்டியிருந்தது. கணவர் பெயர் மார்ட்டின் டோலன், மனைவி பெயர் எலைசா. கூட வந்த கழுதையை டிரைவ்வே ஓரத்து மரத்தில் கட்டியிருந்தார்கள். குப்பைத் தொட்டி சாயங்காலத்துக்குள் உள்ளே போகாவிட்டால் நோட்டீஸ் அனுப்பும் எங்கள் குடியிருப்புச் சங்கமான எச்.ஓ.ஏ., படகு, டிரெய்லர், கூடைப்பந்துக் கம்பம் எல்லாவற்றுக்கும் விதி வைத்திருந்தும் கழுதைக்கு வைக்க மறந்திருந்ததால், ஒன்றும் செய்ய முடியாமல் புல் சுத்தமாக இருக்கிறதே என்று விட்டுவிட்டது.

அவர்கள் வந்ததற்கு நஞ்சுண்டனின் வாய்தான் காரணம். அவர் மகள் வெண்பாவுக்கும் பிரெண்டன் என்ற பையனுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நியூ ஜெர்சியில் இருந்த பிரெண்டனின் அம்மா ஐலீன் பல வருடங்களாகத் தன் குடும்ப வரலாற்றைத் தோண்டி வந்து ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நின்றார். அவருடைய கொள்ளுத் தாத்தா மார்ட்டினின் கல்யாணத்துக்கு இரண்டு பதிவுகள் இருந்தன. ஒரு புராட்டஸ்டன்ட் தேவாலயத்தில் 1863 ஜூன். ஒரு கத்தோலிக்கக் கோயிலில் 1864 பிப்ரவரி. அதே மாப்பிள்ளை, அதே பெண். சம்பந்தியம்மாள் இதை வீடியோ காலில் சொல்லி வருத்தப்பட்டபோது நஞ்சுண்டன் திரைக்கு நேரே கழுத்தை நீட்டி, ஃபைலை அனுப்புங்கள், வார இறுதியில் முடித்துவிடுகிறேன் என்றார். எங்களில் பாதிப் பேர் என்ன வேலை பார்க்கிறோம் என்பது எங்கள் வீட்டிலேயே தெரியாது. நஞ்சுண்டனுடைய வேலை மட்டும் எல்லோருக்கும் தெரியும், அவரே சொல்லிவிடுவார். வங்கிக் கணினியில் ஒரே வாடிக்கையாளர் இரண்டு முறை இருந்தால் ஒன்றை அழித்து ஒருவராக்குவது. ஒரு முறை அவர் தன்னையே அழித்துவிட்டு, சம்பளம் வராமல் நாற்பது நாள் அலைந்ததும் எங்களுக்குத் தெரியும். அதை அவர் சொல்வதில்லை.

வெள்ளிக்கிழமை ஃபைலைத் திறந்தார். சனிக்கிழமை காலை அவர்கள் சோஃபாவில் இருந்தார்கள். இத்தனை வருடத்தில் தன் வீட்டுக்கு ஒரு நாள் எட்டிப் பார்க்காதவர்கள் டெக்சஸ் வரைக்கும் போயிருக்கிறார்களே என்று ஐலீனுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். மார்ட்டினின் ஆங்கிலம் நஞ்சுண்டனுக்குப் புரியவில்லை, நஞ்சுண்டனுடையது மார்ட்டினுக்குப் புரியவில்லை. இருந்தாலும் ஆஃபீஸ் காலில் பழகியவர்களைப் போல இருவரும் யெஸ் யெஸ் என்று தலையாட்டி வைத்தார்கள்.

முதலில் நஞ்சுண்டன் ஜூன் மாதத்தை அழித்தார். எலைசா எழுந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் அவர் மனைவி நாகமணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பதறிப்போய் ஜூனைத் திரும்பப் போட்டு பிப்ரவரியை அழித்தார். மார்ட்டின் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு கராஜுக்குப் போய், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மடக்கு நாற்காலியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு முறை அழித்தவன் இன்னொரு முறையும் அழிப்பான் என்று எலைசாவும் சமையலறையை விட்டு வரவில்லை.

காரணம் நாகமணிக்குத்தான் முதலில் தெரிந்தது. சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே, சமையலறையில் மட்டும் எப்படியோ எல்லோருக்கும் புரிந்த மொழியில், எலைசா சொன்னாள்: அவள் புராட்டஸ்டன்ட், அவர் கத்தோலிக்கர். அந்த நாட்டில் அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட ஜோடிக்குக் கத்தோலிக்கப் பாதிரியார் செய்துவைக்கும் கல்யாணம் சட்டப்படி செல்லாது. அதனால் ஜூனில் அவள் கோயிலில் சட்டத்துக்காக ஒன்று, பிப்ரவரியில் அவர் கோயிலில் கடவுளுக்கும் சொந்தக்காரர்களுக்கும் ஒன்று.

"அட, நம்ம ரிஜிஸ்டர் மேரேஜ் மாதிரிங்க," என்றார் நாகமணி. "இதுக்கா இத்தனை வருசம் மண்டைய ஒடச்சுக்கிட்டாங்க?"

இதற்குள் பிரெண்டன் மங்க ஆரம்பித்திருந்தான். முன்னோரின் கல்யாணம் இழுபறியில் இருக்கும்போது வாரிசுகள் கெட்டியாக இருக்க முடியாது என்பது பிறகு யோசித்தால் நியாயமாகத்தான் பட்டது. முதலில் காது ஓரம், அப்புறம் தோள். வீட்டுக்கு வந்தவன் ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்றபோது, அதன் மேல் ஒட்டியிருந்த பீட்சா கடை காந்தம் அவன் நெஞ்சு வழியாகத் தெரிந்தது. "டாட், ஐ கேன் சீ த ஃபிரிட்ஜ் த்ரூ ஹிம். ஃபிக்ஸ் இட்," என்றாள் வெண்பா. அனுமார் கோயிலில் முகூர்த்தத்துக்கு ஆறு வாரம்தான் இருந்தது. அந்த வேகத்தில் போனால் தாலி கட்டும் நேரத்துக்கு வேட்டி மட்டும்தான் மிஞ்சும் என்று எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்.

நஞ்சுண்டன் சமரசம் பேசச் சமையலறைக்குப் போனார். நூற்றெண்பது வயதுக்காரியை எப்படிக் கூப்பிடுவது என்று சற்றுத் திணறிவிட்டு, ஆன்ட்டி என்றே ஆரம்பித்தார்.

"ஆன்ட்டி, ஜூன் சும்மா பேப்பருக்குப் பண்ணதுதானுங்களே. அதை விட்டுக்குடுத்தா மேட்டர் க்ளோஸ். நாங்களும்தான் விசாவுக்காக ஒண்ணு ரிஜிஸ்டர் பண்ணோம். அது என்னிக்குன்னுகூட எனக்கு ஞாபகம் இல்லீங்க."

நாகமணி அடுப்பை அணைத்தார்.

அன்றைக்குக் குழம்பு இல்லை. நஞ்சுண்டனுடைய தலையணை எப்படி கராஜுக்குப் போனது என்று யாரும் விசாரிக்கவில்லை. மார்ட்டின் தன் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தார். மறுநாள் வெண்பா காபிக் கோப்பையை எடுக்கக் கை நீட்டியபோது, அவள் முழங்கை வழியாகச் சுவரில் மாட்டிய மளிகைக் கடை நாட்காட்டி தேதியோடு தெரிந்தது. அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, அவளுக்குத் தமிழ் வராது என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருக்க, தமிழிலேயே கேட்டாள்: "அப்பா, நீங்களும் அம்மாவும் நெஜமா மேரீடா?"

நஞ்சுண்டன் கராஜுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஊரார் கணினிகளில் லட்சக்கணக்கான பேரை ஒன்றாக்கிய மனிதர், இன்ஷூரன்ஸ் படிவத்தில் ஆவணி மாதக் கல்யாணத் தேதியைத் தப்பில்லாமல் எழுதியவர், வருடா வருடம் அன்றைக்கு அர்ச்சனை செய்து எங்களுக்கெல்லாம் கேசரி கொடுத்தவர், ரிஜிஸ்டர் ஆஃபீஸில் தன் பக்கத்தில் நின்ற பெண் என்ன நிறச் சேலை கட்டியிருந்தாள் என்று யோசித்துப் பார்த்தார். பச்சை என்று தோன்றியது. சார்பதிவாளர் மேசையின் விரிப்புதான் பச்சை.

நாகமணி கராஜ் கதவில் வந்து நின்றார். மார்ட்டின் மரியாதைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆவணில ஆயிரத்து ஐந்நூறு பேரு," என்றார் நாகமணி. "ஹோமப் பொகை ஒரு கண்ணுல, வீடியோக்காரன் லைட்டு இன்னொரு கண்ணுல. உங்க மூஞ்சியவே நான் பாக்கல. ஜனவரில கோபி பஸ் ஸ்டாண்டு பேக்கரி ஞாபகம் இருக்குதுங்களா?"

"பேக்கரியா?"

"கையெழுத்துப் போட்டுட்டு வந்து ஒரு முட்டை பப்ஸ் வாங்குனீங்க. ஒண்ணுதான் இருந்துச்சு. பிச்சீங்க. முட்டை இருந்த பாதிய எனக்குக் குடுத்துட்டு, வெறும் மாவை நீங்க தின்னீங்க. அப்பறம் நீங்க பிளேன் ஏறிட்டீங்க, நான் எங்கப்பன் வூட்ல உங்க பேரை வெச்சுக்கிட்டு ஏழு மாசம் இருந்தேன். அந்த ஏழு மாசமும் நான் யாருங்க?"

நஞ்சுண்டன் அரிசி மூட்டையைப் பார்த்தார். "எனக்கு அன்னிக்குப் பயங்கரப் பசி, நாகு," என்றார்.

"தெரியும்," என்றார் நாகமணி. "அதனாலதான் சொல்றேன்."

நஞ்சுண்டன் எழுந்து போய்க் கணினியைத் திறந்தார். ஜூன் இருந்தது, பிப்ரவரியைத் திரும்பப் போட்டார். இது இரட்டைப் பதிவு, ஒன்றை அழிக்கவும் என்று கணினி சிவப்பில் எச்சரித்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அவர் அதைப் பொருட்படுத்தாமல் மூடினார். சரியான தேதி எது என்று கேட்டு ஐலீன் கூப்பிட்டபோது, இரண்டும் சரி, இரண்டையும் எழுதுங்கள், ஒன்றை எடுத்தால் பாட்டி சமையலறையில் இருப்பாள், இன்னொன்றை எடுத்தால் தாத்தா கராஜில் இருப்பார் என்றார். ஐலீன் இரண்டையும் எழுதிக்கொண்டார். வீடியோவில், மங்கிப்போயிருந்த அவர் கன்னம் வழியாகத் தெரிந்துகொண்டிருந்த ஜன்னல் திரை மெல்ல மறைந்தது. மார்ட்டின் கராஜிலிருந்து வந்து சோஃபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். எலைசா கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், முழுக்க மன்னித்ததாகத் தெரியாத அளவு இடைவெளி விட்டு. ஃபிரிட்ஜ் காந்தத்தை பிரெண்டன் நன்றாக மறைத்து நின்றான். வெண்பாவின் முழங்கைக்குப் பின்னால் என்ன தேதி என்று அதற்குப் பிறகு யாராலும் படிக்க முடியவில்லை.

கல்யாணம் ஃபிரிஸ்கோவில் ஒன்று, நியூ ஜெர்சியில் ஒன்று என இரண்டு நடந்தது. மார்ட்டினும் எலைசாவும் திரும்பிப் போகவில்லை. கழுதைக்கு எச்.ஓ.ஏ. விதி எழுதிவிட்டது, மாலை ஆறு மணிக்கு மேல் அது வெளியே நிற்கக் கூடாது. ஜனவரியில் அந்த நாள் வந்தால் நஞ்சுண்டன் இந்தியன் பேக்கரிக்குப் போய் இரண்டு முட்டை பப்ஸ் வாங்கி வருகிறார். ஜோடிக்கு ஒன்று, ஆளுக்குப் பாதி. முட்டை விலை மறுபடி ஏறியிருக்கிறது. முட்டை உள்ள பாதி யாருக்கு என்பதில் மட்டும் அந்த வீட்டில் இதுவரை முரண்பாடு வந்ததில்லை.