ஏழு வருஷக் கனவுகளின் நகல்

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். ஏழு வருஷமாகக் காலையில் விழித்ததும், கண்ணைக்கூடத் திறக்காமல், கண்ட கனவைச் செல்போனில் சொல்லிப் பதிந்து வைப்பாள். தண்ணீருக்கடியில் ஓடும் பேருந்து, இறகு முளைத்த தையல் மெஷின், பேர் சொல்லிக் கூப்பிடும் மழை. உடனே சொல்லாவிட்டால் பல் தேய்ப்பதற்குள் கரைந்துவிடும் என்பாள்.

யாரோ அனுப்பிய லிங்க்கைத் தொட்டு, திரையில் மீன் நீந்தும் ஆப் ஒன்றை ஒருநாள் இறக்கினாள். தொடர்பு எண்களைப் பார்க்கட்டுமா, கோப்புகளைத் திறக்கட்டுமா என்று அது வரிசையாகக் கேட்டது. மீன் காட்ட இதெல்லாம் எதற்கு என்று அவள் யோசிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தட்டினாள். மீன்கள் அவ்வளவு அழகு.

மூன்றாம் நாள் போன் கையைச் சுட்டது. மதியத்துக்குள் ஒரு பதிவுகூடத் திறக்கவில்லை. பெயர்களெல்லாம் வாயில் நுழையாத எழுத்துகளாக மாறியிருந்தன. திறக்க வேண்டுமானால் பணம் அனுப்பு என்றது திரை. பின்னால் மீன்கள் தம்பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தன.

செல்போன் பழுதுபார்க்கும் பெண் முதல் காரியமாக இணையத்தைத் துண்டித்தாள். பணம் கொடுத்தாலும் திறப்பார்கள் என்பது நிச்சயமில்லை, வேறு போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றிவிடுங்கள், இதை முழுக்கத் துடைப்பதுதான் வழி என்றாள். நகல் இருக்கிறதா என்றும் கேட்டாள். பேக்கப் எடுக்கவா என்று போன் கேட்டபோதெல்லாம் ‘பிறகு’ என்று தட்டியது இவளுக்கு ஞாபகம் வந்தது.

“துடைச்சிடுங்க,” என்றாள்.

திரும்பும்போது தெரு பஞ்சால் ஆனதுபோல இருந்தது. அத்தனை காலைகளிலும் தான் விழித்தெழவே இல்லையோ என்றுகூடத் தோன்றியது.

பேருந்து ஓட்டும் கணவர் விஷயத்தைக் கேட்டதும் அலமாரியிலிருந்து தன் பழைய போனை எடுத்துவந்தார். பேக்கப்புக்கு அவள் ‘பிறகு’ என்றே தட்டுவதைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் குளிக்கப் போகும்போது அவளுடைய பதிவுகளை அதில் நகலெடுத்தாராம். அந்தப் போனை இணையத்தோடு இணைத்ததே இல்லையாம். இடம் நிறைந்துவிட்டதால் கடைசி ஐந்து மாதம் மட்டும் இல்லை.

அவளுக்குப் போன உயிர் திரும்பியது. மறுகணம் முகம் மாறியது.

“கேட்டீங்களா?”

“ஒண்ணே ஒண்ணு. சரியா ஏறியிருக்கான்னு பார்க்க. உங்க அக்கா கதவைத் தட்டிக்கிட்டே இருக்காங்க, நீ சாவியைத் தேடிக்கிட்டே இருக்க.”

அக்காவோடு பேச்சு நின்று ஒன்பது வருஷம். அதைப் பற்றி அவரிடம் அவள் வாயே திறந்ததில்லை. கோபம் வந்தது, கூடவே நெஞ்சு லேசானது.

“என்கிட்ட கேக்காம எடுத்தது தப்பு.”

“தப்புதான். இனிமே நீயே பூட்டு போட்டுக்கோ. எனக்குத் தெரிய வேண்டாம்.”

துடைத்த போனில், அதிலேயே இருக்கும் ஆப் ஸ்டோரிலிருந்து தேவையான ஆப்களை மட்டும் இறக்கினாள். தினமும் தானாக பேக்கப் ஆகும்படி வைத்தாள். பாஸ்வேர்டு போடும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

அக்காவின் எண்ணும் அழிந்திருந்தது. ஆனால் விரல்களுக்கு அது மறக்கவில்லை. மணி அடித்தது. யாரு என்றது அக்காவின் குரல்.

“நான்தான்க்கா.”

மறுமுனையில் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு யாரோ குழாயை மூடினார்கள்.

“சொல்லு,” என்றாள் அக்கா.