மூக்குராணிக்கு எட்டாத வாசனை

என் ஓர்ப்படியை நான் புகழ்வேன் என்று யாராவது சொல்லியிருந்தால், வேறு வேலை இல்லையா என்று கேட்டிருப்பேன். கொழுந்தனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் மூக்கைப் பற்றித்தான் எல்லோருக்கும் பேச்சு. பால் திரியப்போவதை முன்கூட்டியே சொல்வாள். சாக்கடைக் குழாயில் எலி செத்துக் கிடந்ததை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்டுபிடித்தாள். என் வீட்டுக்காரர் அவளுக்கு மூக்குராணி என்று பட்டமே கொடுத்துவிட்டார். இத்தனை வருஷம் இந்த வீட்டுக்கு உழைத்த எனக்கு ஒரு பட்டமும் கிடைக்கவில்லை.

அவள் பகலில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்கு வந்ததும் சாமான் அறைக்குள் புகுந்துகொள்வாள். பழைய பெட்டிகளை அப்புறப்படுத்திவிட்டு அங்கே பழுப்புநிறச் சீசாக்களையும், சொட்டுக் குழாய்களையும், கடுகைக்கூட நிறுத்துவிடும் குட்டித் தராசையும் அடுக்கிவைத்திருந்தாள். வாசனைத் திரவியம் செய்கிறாளாம். முதலில் ஆரஞ்சுத் தோல் எண்ணெய், ரோஜா எண்ணெய் என்றுதான் கலந்தாள். வாசனை நன்றாகவே இருந்தது. ஆனால் பூசிக்கொண்டு தெருமுனைக்குப் போவதற்குள் அது வீடு திரும்பிவிடும். அதன்பிறகுதான் வாயில் நுழையாத பெயர்கள் எழுதிய புட்டிகள் தபாலில் வர ஆரம்பித்தன.

"உடம்புல பூசிக்கிறதுல போய் யாராவது கெமிக்கல் போடுவாங்களா?" என்றேன்.

"ஆரஞ்சுத் தோல்ல இருக்கிறதும் கெமிக்கல்தான்க்கா. இது செயற்கைக் கஸ்தூரி, வாசனையைப் பிடிச்சு நிறுத்தும். நெசமான கஸ்தூரிதான் வேணும்னா ஒரு மானைக் கொல்லணும். கொல்லட்டுமா?"

கொன்றுவிட்டு வா என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. மானை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

கடைவீதியில் கைவினைப் பொருள்கள் விற்கும் ஓர் அம்மாள், பிடித்திருந்தால் தன் கடையில் வைப்பதாகச் சொல்லியிருந்தார். தான் செய்த ஒரு பொருள் இந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போகவேண்டும் என்பது ஓர்ப்படியின் நெடுநாள் ஆசை. ஆனால் முதலில் கொடுத்த சீசா திரும்பி வந்துவிட்டது. "தலை வலிக்குதும்மா. இன்னொரு தடவை செஞ்சு வைங்க, வெள்ளிக்கிழமை நானே வந்து பார்க்கிறேன்" என்றாராம். அதுவும் சரிப்படாவிட்டால் சாமான் அறையில் மறுபடி சாமான்தான்.

ரோஜாவும் ஆரஞ்சும் பறந்தபிறகு அடியில் நிற்கவேண்டிய வாசனைக்குப் பலம் போதவில்லை, அதுதான் கோளாறு என்று அவளாகவே முடிவுகட்டிக்கொண்டாள். செயற்கைக் கஸ்தூரியை மேலும் மேலும் ஊற்றினாள்.

நான் முன்னறையில் தையல் வேலை செய்பவள். மறுநாள் சட்டை வாங்க வந்த ஒருத்தி துணியை முகர்ந்துவிட்டு, "புதுத் துணியை எதுக்குத் துவைச்சீங்க?" என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில் தையல் மிஷினை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

"ஏன்டி, வீடே சலவைக்கடை மாதிரி நாறுது. உனக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

அவள் கஸ்தூரிப் புட்டியை மூக்கருகே கொண்டுபோனாள். "இதுல ஒண்ணுமே வரலையேக்கா. சரக்கு லேசுன்னு நெனச்சுல்ல ஊத்திட்டே இருந்தேன்."

சொல்லும்போதே அவள் முகம் மாறியது. சில வகைக் கஸ்தூரி சிலருடைய மூக்குக்கு எட்டவே எட்டாது என்று படித்திருக்கிறாளாம். அது தன் மூக்காக இருக்கும் என்று மூக்குராணி எப்படி நினைப்பாள்? என் கையில் இரண்டு காகிதப் பட்டைகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றாள். ஒன்றைக் கஸ்தூரியிலும் மற்றதை வெறும் ஸ்பிரிட்டிலும் தோய்த்து, ஸ்பிரிட் காய்ந்ததும் நீட்டினேன். மாற்றி மாற்றி முகர்ந்தாள்.

"ரெண்டும் வெறும் காகிதம்தான்க்கா" என்றாள்.

கடையைக் கட்டிவிடுவாள் என்றே நினைத்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தவள், ஒரு முக்காலியை இழுத்து என் எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்க மூக்கு எனக்கு வேணும்க்கா. மத்ததெல்லாம் நான் பார்த்துக்கிறேன். இந்த ஒண்ணு மட்டும்."

"கெமிக்கலை நான் மோந்து பார்க்கணுமா?"

"திட்டிக்கிட்டே பாருங்க."

திட்டிக்கொண்டேதான் பார்த்தேன். அவள் கஸ்தூரியை ஸ்பிரிட்டில் கரைத்துக் கரைத்து நீர்க்கவைத்தாள். தோலில் ஒட்டுகிறதா, காற்றில் நிற்கிறதா என்று குடைந்தெடுத்தாள். தையற்காரிக்கு என்ன தெரியும்? "இஸ்திரி போட்ட சூட்டோட சட்டையை மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு" என்றேன்.

"அப்போ இன்னும் குறைக்கணும். இஸ்திரி தெரியக்கூடாது, சட்டை மட்டும்தான் தெரியணும்" என்று தராசின்மேல் குனிந்தாள்.

தனக்கு எட்டாத ஒன்றை என் வாய்வார்த்தையை வைத்தே ஒருத்தி நிறுத்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் ஒரு சொட்டுக்கூடத் தடுமாறவில்லை. கடைசியாகக் கலந்த சீசாவை முகர்ந்தபோது ரோஜா ஓடிப்போகாமல் நின்றது. ஆரஞ்சும் அவசரப்படவில்லை. அவற்றுக்குக் கீழே, அப்போதுதான் குளித்துவிட்டு வந்த குழந்தையின் கழுத்துபோல ஏதோ ஒன்று இருந்தது. அழகாக இருந்தது. திட்டுவதற்கு எதுவுமே கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்த கடைக்கார அம்மாள் மணிக்கட்டில் தடவிக்கொண்டு, டீ குடித்து, ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்துவிட்டு மறுபடி முகர்ந்தார்.

"கடைசியில தோலோட தோலா ஒண்ணு நிக்குதே, அதுதான் அருமை. என்ன அது?"

"செயற்கைக் கஸ்தூரிங்க. என் மூக்குக்கு அது எட்டாது. மோந்து சொன்னது எங்கக்கா."

அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் பட்டுச்சேலை கட்டியிருக்க வேண்டும். இருந்த சீசாக்களையெல்லாம் வாங்கிக்கொண்டு போனார்.

அன்று மாலை ஓர்ப்படி அடுப்படிக்கு வந்து மணிக்கட்டை நீட்டினாள்.

"எனக்கு வாசனையெல்லாம் போயிடுச்சு. உங்களுக்கு இன்னும் இருக்காக்கா?"

முகர்ந்தேன். "இருக்குடி."

"எப்படி இருக்கு?"

யாரிடமும் நாலு வார்த்தை நல்லதாகப் பேசாத நான், அவள் கையை விடாமல் சொல்ல ஆரம்பித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பாதியில் அவள் மூக்கு சுருங்கியது.

"அக்கா, பால் அடிப்பிடிக்குது."

பிடிக்கட்டும் என்று மீதியையும் சொன்னேன்.