கூரையைத் தின்ற மாடு

மாட்டின் நாக்கு இரண்டாவது முட்டை அட்டையை வளைத்து இழுத்தபோதுதான் தாரணிக்கு வாய் திறந்தது. அதிலிருந்தும் கத்தல் வரவில்லை, விக்கல்தான் வந்தது.

"ப்பா! மாடு! ப்பா!"

"எனக்கு மட்டும் கண்ணு இல்லையா? அது மூச்சு என் காதுல படுதுடி!" என்று கிசுகிசுத்தார் அப்பா உத்தமன். கத்த முடியாது. பக்கத்து சீட்டில் ஐ.டி. கம்பெனி மேனேஜர் சீனிவாசராகவன் செல்போனில் அமெரிக்காவோடு பேசிக்கொண்டிருந்தார்.

அடுகோடி சிக்னல். சிவப்பு. இடது பக்க ஜன்னல் வழியாகக் கழுத்துவரை உள்ளே வந்துவிட்ட மாடு, மேனேஜரின் தோளில் கழுத்தை முட்டுக்கொடுத்து, அண்ணாந்து, அப்பாவின் ஆம்னி வேன் கூரையை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. மேனேஜர் கியர் பக்கமாகச் சாய்ந்துபோய், "எஸ், எஸ், ஐ ஆம் லிஸனிங்" என்றார். கண் இரண்டும் பிதுங்கி வெளியே வந்துவிடும்போல இருந்தது.

கூரையைத் தின்னும்படி செய்து வைத்த பதினாறு வயது மகாராணி பின்சீட்டில் விக்கிக்கொண்டிருந்தாள்.

ஆம்னிக்கு எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில். ஏப்ரல் வெயிலில் அந்த சீட்டில் உட்காருவதும் தோசைக்கல்லில் உட்காருவதும் ஒன்று. சத்தமோ, மாவு மில்லுக்குள் போன மாதிரி. ஐ.டி. கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் பிக்கப் வேலைக்காக அப்பா இரண்டு இடத்தில் வண்டியை ஓட்டிக் காட்டினார். இரண்டு இடத்திலும் வந்தவர்கள் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே இறங்கிப் போனார்கள். இதுவும் போனால் வண்டியை விற்றுவிட்டு இன்னொருவர் வண்டிக்கு டிரைவராகப் போகிறேன் என்று அப்பா அம்மாவிடம் சொன்னது தாரணி காதில் விழுந்துவிட்டது. இந்த மேனேஜர் வேறு, பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும், முன்னால்தான் உட்காருவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

அதனால்தான் தாரணி வேலையில் இறங்கினாள். சீட்டுக்கு அடியில் நாலு மடிப்பு கோணிப்பை. சத்தத்தை அடக்க, கூரை முழுக்க மர்பி டவுன் முட்டைக் கடையில் கேட்டு வாங்கிய அட்டைகள். அவற்றை மறைக்க அம்மாவின் பழைய பூப்போட்ட பெட்ஷீட். ஒட்டுவதற்கு வீட்டிலேயே ஒரு வாளி மைதா பசை இருந்தது. நாராயணசாமி மாமா சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர். அந்த வீட்டில் அறுந்த செருப்பிலிருந்து கிழிந்த பாடப்புத்தகம்வரை எல்லாவற்றுக்கும் அந்தப் பசைதான்.

"துத்தம் கலந்துக்கோ, இல்லேன்னா மாடு தின்னுட்டுப் போயிடும்" என்று மாமா சொல்லத்தான் செய்தார். மயில்துத்தம் விஷமாயிற்றே, மேனேஜர் மூக்கில் ஏறிவிட்டால் என்ன செய்வது என்று தாரணி கலக்கவில்லை. மேலும் மாடு தின்பது சுவரில் ஒட்டிய போஸ்டரைத்தானே. வண்டிக்குள் மாட்டுக்கு என்ன வேலை?

காலையில் எல்லாம் அற்புதமாகத்தான் போனது. "என்னப்பா டிரைவர், வண்டி ஓடறதா நிக்கறதான்னே தெரியலையே! சீட்டு ஜில்லுனு இருக்கு!" என்று மேனேஜர் சிரித்தார். அப்பாவுக்குக் காதுவரை வாய். போன் வந்ததும் மேனேஜர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். உள்ளே அப்படி ஒரு அமைதி. கூரை சூடேறச் சூடேற அந்த அமைதியில் ஒரு வாசனை இறங்கியது. "இங்க யாரு தோசை வாக்கறா?" என்று முகத்தைச் சுளித்தவர், சிக்னலில் கண்ணாடியை முழுக்க இறக்கினார்.

நடைபாதையில் சும்மா நின்றிருந்த மாடு மூக்கைத் தூக்கிப் பார்த்தது. தலையை உள்ளே நீட்டி, பெட்ஷீட்டின் ஓரத்தை நாக்கால் விலக்கியது.

"ஹோகு! ஹோகு!" என்று இப்போது அப்பா கன்னடத்தில் மெதுவாகக் கெஞ்சினார். "ஏ, போம்மா தாயி!" என்று தமிழிலும் கேட்டுப் பார்த்தார். மாடு எந்த பாஷைக்கும் மசியவில்லை. பக்கத்து ஆட்டோக்காரன் தலையை நீட்டி, "ஏன் குரு, ஹசுகூ பிக்கப் இதியா?" என்று மாட்டுக்கும் பிக்கப் உண்டா எனக் கேட்டுவிட்டு, தொடையைத் தட்டிச் சிரித்தான்.

மாடு வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தது. பெட்ஷீட் அவிழ்ந்து விழுந்து மேனேஜரையும் மாட்டையும் சேர்த்து மூடியது. பூப்போட்ட துணிக்குள் இரண்டு தலைகள் முட்டி மோதின. உள்ளே இருந்து "ம்ம்மா" என்று ஒரு சத்தம். அது யாருடையது என்று தாரணிக்குச் சரியாகத் தெரியவில்லை.

போச்சு. வண்டி போச்சு. அப்பா போச்சு. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ரியலி? யூ அக்ரீ?" என்று துணிக்குள்ளிருந்து கேட்டது. "தேங்க்யூ! தேங்க்யூ சார்!"

சிக்னல் பச்சையானது. பின்னால் அத்தனை பேரும் ஹாரன் அடிக்க, மாடு வாயில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு தலையை வெளியே எடுத்தது. மேனேஜர் பெட்ஷீட்டை விலக்கினார். எச்சில் பட்ட ஒரு பக்கத்து முடி மட்டும் செங்குத்தாக நின்றது.

"சார், மன்னிச்சுடுங்க சார், கொழந்த தெரியாம..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"மூணு மாசமா இழுத்தடிச்சவன்! மாடு தலைய நக்கின நிமிஷம் சரின்னுட்டான்!" மேனேஜர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கோமாதாவே வண்டிக்குள்ள வந்து ஆசீர்வாதம் பண்றா, நீ மன்னிப்பு கேக்கறே! உன் வண்டிதான்ப்பா, முடிவு பண்ணியாச்சு. திங்கட்கிழமை இதைவிடப் பெரிய போன் கால் இருக்கு. இதே சிக்னல், இதே மாடு. ஏற்பாடு பண்ணிடு."

"மாடா சார்?"

"அதேதான். வேற மாடு வேண்டாம். அது வரலைன்னா நீயும் வராதே."

அவரை ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டு, அப்பா வண்டியை ஒரு மரத்தடியில் நிறுத்தினார். மேலே அண்ணாந்து, கடித்து வைத்த அட்டையை விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்தார்.

"மாமா வாளியா?"

தாரணி தலையாட்டினாள்.

"துத்தம்?"

"போடல." விக்கல் இன்னும் நிற்கவில்லை.

திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள். விழவில்லை. அப்பா ஸ்டியரிங்மேல் நெற்றியைச் சாய்த்துக் கணக்குப் போட்டார்.

"திங்கட்கிழமைக்கு மறுபடி ஒட்டணும். கம்மியா தடவுனா அது வராது. ஜாஸ்தியா தடவுனா அடுகோடில இருக்கற மாடெல்லாம் வரும்." நிமிர்ந்து மகளைப் பார்த்தார். "ஒட்டுனவ நீதானே, சொல்லு. ஒரே ஒரு மாடு, அதுவும் அந்த மாடு மட்டும் வரணும்னா எவ்ளோ பசைடி தடவணும்?"