ஃபுவெந்தெஸ் வீட்டார் நின்ற இடம்

வல்தெகார்தோஸ் ஊரில் தன் இரண்டு குடும்பப்பெயர்களில் ஃபுவெந்தெஸ் என்பதை முதலாவதாகக் கொண்டவர் எவரும் வெறுங்காலுடன் ஒரே இடத்தில் கால் மணி நேரம் நின்றால், குதிகாலுக்கு அடியிலிருந்து தண்ணீர் வரும். கருங்கல் தரையில் மணிக்கு நாற்பது லிட்டர் வரும். தார்ச்சாலையில் அதில் பாதிதான். மரப்பலகையின் மேல் நின்றால் வராது. கார்க் மரப்பட்டையில் அடி வைத்த செருப்பைப் போட்டால் அடியோடு நின்றுவிடும். மாட்ரிட்டுக்கு வேலைக்குப் போன ஃபுவெந்தெஸ் ஆண்கள் எல்லாரும் கீழ்வீட்டுக்காரர்களின் சண்டைக்குப் பயந்து அப்படித்தான் நடமாடினார்கள்.

ஃபுவெந்தெஸ் என்றால் ஊற்றுகள். ஸ்பெயினில் மற்ற ஊர்களில் இந்தப் பெயர் வந்த வழி எளிது: ஊற்றுக்குப் பக்கத்தில் குடியிருந்தவனை ஊற்றுக்காரன் என்றார்கள், அவன் பிள்ளைகளுக்கும் அதுவே நிலைத்தது. அப்படிப்பட்ட ஊற்றுகள் நாடு முழுக்க இருந்ததால் பெயரும் நாடு முழுக்க இருக்கிறது. வல்தெகார்தோஸில்தான் கதை தலைகீழ். அங்கே ஊற்றே கிடையாது. நானூறு ஆண்டுகளுக்கு முன் அரசரின் குடிக்கணக்கு எழுத வந்தவன், சாஞ்சோ என்ற ஆடு மேய்ப்பவனிடம் எந்த இடத்துக்காரன் என்று கேட்டான். வறண்ட ஊர்க்காரன் என்று சொல்ல வெட்கப்பட்ட சாஞ்சோ, "ஊற்றுகள் இருக்கிற இடம்" என்று பொய் சொன்னான். எழுத வந்தவன் அதை மையால் எழுதி முத்திரையும் வைத்துவிட்டான். பத்தாம் நாள் சாஞ்சோ ஆடுகளை எண்ணிக்கொண்டு பாறைமேல் நின்றபோது கால் நனைந்தது.

அந்தப் பெயர் ஊரெல்லாம் பரவியது எப்படி என்பதைப் புரிந்துகொள்ள, அங்கே பெயர் வைக்கும் முறையைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப்பெயர்கள்: முன்னால் அப்பாவுடையது, பின்னால் அம்மாவுடையது. கல்யாணத்தால் பெண்ணின் பெயர் மாறாது. ஆனால் அவளுடைய பெயர் பிள்ளைகளிடம் இரண்டாம் இடத்துக்குப் போகும், பேரப்பிள்ளைகளிடம் காணாமல் போகும். தண்ணீரும் அதே கணக்கில்தான் நடந்துகொண்டது. முதல் இடத்தில் ஃபுவெந்தெஸ் இருந்தால் ஊற்று. இரண்டாம் இடத்தில் இருந்தால் காலுறை ஈரமாகும், அவ்வளவுதான். மூன்றாம் தலைமுறைக்குக் கோடையில் பாதம் சில்லென்று இருக்கும். தண்ணீர் இல்லாத ஊரில் ஈரக் காலுறைக்கும் மதிப்பு உண்டு என்பதால் ஃபுவெந்தெஸ் பெண்களைக் கட்டிக்கொள்ள எல்லா வீட்டு ஆண்களும் போட்டி போட்டார்கள். இருநூறு ஆண்டுகளில் ஊரில் பாதிப்பேருக்கு இரண்டாம் பெயர் ஃபுவெந்தெஸ் ஆனது. முதல் பெயராக அதை வைத்திருந்த ஆண்கள் நகரங்களுக்குப் போனார்கள், அல்லது பெண் குழந்தைகளையே பெற்றார்கள். அந்தப் பெண்களும் வயதாகி ஒவ்வொருவராக இறந்தார்கள். கடைசியில் ஒரே ஒருத்தி மிஞ்சினாள்: ஒப்தூலியா ஃபுவெந்தெஸ்.

அப்பா இறந்தபோது ஒப்தூலியாவுக்கு எட்டு வயது. மறுநாள் காலையிலிருந்து, ஊருக்குத் தண்ணீர் தர அவர் தினமும் நின்ற சதுக்கத்துக் கல்மேல் அவள் நின்றாள். ஆறு மணி முதல் பத்து மணி வரை, இருபத்தாறு ஆண்டுகள். ஊர் அவளிடம் நன்றியோடுதான் இருந்தது. ஒலிவ எண்ணெயின் முதல் பிழிவு அவள் வீட்டுக்குத்தான் போகும். ஆனால் பனிக்காலத்தில் அவள் பாதங்கள் வெடித்தன, முழங்கால்கள் வீங்கின, ஒரு நாளுக்கு மேல் அவள் ஊரைவிட்டுப் போனதில்லை. பேருந்து ஓட்டும் ஃபெர்மின் கலேரோவைக் அவள் கல்யாணம் செய்துகொண்டதே, அவன் தினமும் காலை பேருந்தைச் சதுக்கத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி அவளிடம் பேசிவிட்டுப் போவான் என்பதால்தான் என்று சொல்வார்கள்.

அவள் கர்ப்பமான ஆண்டு கடும் வறட்சி. பெற்றோர் இருவரும் சம்மதித்தால் அம்மாவின் பெயரை முன்னால் வைக்கலாம் என்ற சட்டம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊர்த் தலைவர் பௌதீலியோ கானோ, ஞாயிறு பூசை முடிந்ததும் கசில்தாவின் மதுக்கடையில் ஊரைக் கூட்டினார்.

"ஃபெர்மின் சரின்னுட்டான். குழந்தைக்கு ஃபுவெந்தெஸ்தான் முன்னாடி. உனக்கு சந்தோஷந்தானேம்மா?" என்றார்.

"ஃபெர்மின் சரின்னான். நான் சொல்லலையே," என்றாள் ஒப்தூலியா.

"உன் பேரு நிலைக்கப்போவுது, அதுல உனக்கு என்ன வருத்தம்?"

"பேரு நிலைக்கட்டும் தலைவரே. அது கூடவே என் குழந்தையும் அந்தக் கல்லு மேல நிலைச்சுடுமே."

கோப்பை துடைத்துக்கொண்டிருந்த கசில்தா, "தலைவரோட காலுறையை யாராவது பாருங்கப்பா. நாற்காலிக்கடியில குளம் கட்டுது," என்றாள்.

பௌதீலியோவின் அம்மா ஒரு ஃபுவெந்தெஸ்.

ஒப்தூலியா எழுந்தாள். "ரெண்டாவது பேரு ஃபுவெந்தெஸ் இருக்கிறவங்க கையத் தூக்குங்க."

நாற்பத்தோரு கைகள் உயர்ந்தன.

"பதினெட்டு வயசு ஆனவங்க யாரா இருந்தாலும் தன்னோட ரெண்டு குடும்பப்பேரையும் இடம் மாத்திக்கலாம். பதிவகத்துல ஒரே ஒரு தாள். படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."

"எங்கப்பா கானோ!" பௌதீலியோவுக்கு முகம் சிவந்தது. "செத்துப்போன மனுஷனைப் பின்னால தள்ளச் சொல்றியா?"

"பொறக்காத புள்ளைய முன்னால தள்ளச் சொன்னீங்களே."

அன்று யாரும் பதிவகத்துக்குப் போகவில்லை. அந்த ஊரில் அப்பாவின் பெயரைப் பின்னுக்குத் தள்ளுவது, சாப்பாட்டு மேசையில் அப்பா உட்காரும் நாற்காலியை எடுத்துக் கொட்டிலில் போடுவதற்குச் சமம். ஒப்தூலியாவுக்கு அது தெரியும். அதனால் அவள் மேற்கொண்டு வாதாடவில்லை. செப்டம்பரில் பெண் குழந்தை பிறந்தது. ப்ரிகிதா கலேரோ ஃபுவெந்தெஸ் என்று ஃபெர்மின் பதிவு செய்துவிட்டு வந்தான். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் ஓய்வெடுப்பது அந்த ஊர் வழக்கம். ஒப்தூலியா கார்க் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தாள்.

மூன்றாம் நாள் சதுக்கத்துத் தொட்டி காய்ந்தது. மாகாண நிர்வாகம் வாரத்துக்கு இரண்டு முறை லாரியில் அனுப்பிய தண்ணீரில் டீசல் வாடை அடித்தது. கழுதைகள் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. ஒப்தூலியாவின் கதவை யாரும் தட்டவில்லை. தட்டினால் என்ன பதில் வரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

பதினோராம் நாள் பௌதீலியோ கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு கல்லறைக்குப் போனார். அப்பாவின் கல்லுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி, ஒரு மணி நேரம் நின்று பேசினார். என்ன பேசினார் என்பது தெரியாது. அவர் திரும்பிப் போனபின் கல்லின் முன்னால் காலுறைத் தடம் இரண்டு ஈரமாக இருந்ததைக் கல்லறைக்காரர் பார்த்தார். பௌதீலியோ அங்கிருந்து நேராகப் பதிவகத்துக்குப் போய்த் தாளில் கையெழுத்துப் போட்டார். பெயர் மாற்ற ஆணை வந்த அன்று அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் மணி நேரமாக அங்கே நின்றிருந்தார்; எழுத்தர் முத்திரையைக் குத்தவும் மேசைக்கடியில் தண்ணீர் சலசலக்கவும் சரியாக இருந்தது. எழுத்தர் தன் கைப்பையைத் தரையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு, "அடுத்தவர்," என்றார். வெளியே ஏழு பேர் நின்றிருந்தார்கள். கிறிஸ்துமஸுக்குள் முப்பத்தாறு பேர் ஆனார்கள்.

இன்று ஸ்பெயினில் ஆளுக்கணக்குப்படி ஃபுவெந்தெஸ் பெயர் மிக அடர்த்தியாக இருக்கும் இடம் வல்தெகார்தோஸ் என்று ஊர்க்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். யார் எந்த நாள் கல்மேல் நிற்க வேண்டும் என்ற பட்டியல் கசில்தாவின் கடைச் சுவரில் தொங்குகிறது. ஆளுக்கொரு சுவை உண்டு என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பௌதீலியோவின் தண்ணீரில் கொண்டைக்கடலை எத்தனை மணி நேரம் கொதித்தாலும் வேகாது. அவர் முறை வரும் நாளில் பெண்கள் துணி துவைத்துக்கொள்வார்கள்.

"கானோவா இருந்தப்ப உங்களால எந்தத் தொல்லையும் இல்ல," என்பாள் கசில்தா.

"துவைச்ச துணி வெள்ளையா இருக்கா இல்லியா, அதச் சொல்லு முதல்ல," என்பார் அவர்.

ஒப்தூலியாவின் பெயரும் பட்டியலில் இருக்கிறது, ஐந்து வாரங்களுக்கு ஒரு நாள். மறு கோடையில் ஃபெர்மின் அவளையும் குழந்தையையும் அலிகாந்தே கடற்கரைக்குக் கூட்டிப்போனான். முப்பத்தைந்து வயதில் அவள் முதல்முறையாகக் கடலைப் பார்த்தாள். கரையோர நடைபாதைக் கல்மேல் செருப்பைக் கழற்றிவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரம் போவது தெரியாமல் பார்த்துக்கொண்டே நின்றாள். குழந்தையின் பாதம் பட்ட இடத்தில் அவள் பாவாடை லேசாக ஈரமானது. கால் மணி நேரத்தில் அவள் காலடியிலிருந்து நல்ல தண்ணீர் வழிந்து கல்லிடுக்கில் ஓடியது. கடலில் குளித்து வந்த பிள்ளைகள் வரிசையாக அதில் கால் மணலைக் கழுவிக்கொண்டார்கள். துண்டை உதறிக்கொண்டிருந்த ஒரு பெண், "கால் கழுவுற குழாயா? நகராட்சி புதுசா வச்சதா?" என்று கேட்டாள்.

"ஆமா," என்றாள் ஒப்தூலியா. "சீக்கிரம் கழுவிக்கோங்க. நான் இப்ப கிளம்பிடுவேன்."