மோவாய் வரைக்கும் ஒரு மருமகள்

சாம்புவுக்கு மருமகளாக வரக்கூடிய பெண்ணின் நெற்றி நன்றாகப் பழகிவிட்டது. கண்களையும் இரண்டு மூன்று தடவை பார்த்தாகிவிட்டது. மோவாய் வரைக்கும்தான் இன்னும் போக முடியவில்லை.

படம் அமெரிக்காவிலிருந்து ஈமெயிலில் வந்திருந்தது. மகன் அர்ஜுன் சுருக்கமாக எழுதியிருந்தான். பெண்ணின் பெயர் பிரதிபா, கூட வேலை பார்க்கிறாள், முதலில் படத்தைப் பாருங்கோ, ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறேன், அப்புறம் பேசலாம். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரி என்பதா, வேண்டாம் என்பதா என்று முடிவு செய்தாக வேண்டும். சரி என்று சொல்லிவிடலாம் என்பது சாம்புவின் கட்சி. அவர் மனைவி கனகலக்ஷ்மி தன் ஒன்றுவிட்ட தம்பி பெண்ணை மனதில் வைத்திருந்தாள்.

"முழு முகத்தைப் பாக்காம சரின்னு எப்படின்னா சொல்றது?"

நியாயமான கேள்விதான். ஆனால் கம்ப்யூட்டர் மனது வைக்க வேண்டுமே! டெலிபோன் லைன் வழியாகப் படம் மேலிருந்து கோடு கோடாக, ஆமை நடையில் இறங்கும். தலை, தலை நிறைய மல்லிகைப் பூ, நெற்றி, சின்னதாக ஒரு பொட்டு. மூக்கைத் தாண்டி மோவாயைத் தொடுவதற்குள் திரை முழுக்க நீலமாகிவிடும். வெள்ளை எழுத்தில் இங்கிலீஷில் ஏதோ திட்டும். அணைத்துப் போட்டால் மறுபடியும் தலையிலிருந்து ஆரம்பம்.

"அமெரிக்காவுல இருந்துண்டு பூ வெச்சிண்டிருக்காளே, நல்ல பொண்ணாத்தான் இருப்பா போலிருக்கு" என்று கனகலக்ஷ்மி ஒரு நாள் இளகினாள். அன்றைக்கும் மூக்கோடு நின்றுவிட்டது. அவளும் பழையபடி தம்பி பெண்ணிடம் போய்விட்டாள்.

தேவராஜ மொஹல்லாவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மல்லப்பன் ஸ்கூட்டரில் வந்து வந்து போனான். முதலில் வைரஸ் என்று சொல்லி எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினான். அடுத்த தடவை மெமரிப் பட்டையைக் கழற்றி, பள்ளிக்கூடத்து ரப்பரால் தேய்த்து மாட்டினான். பிறகு பெட்டியையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். ராத்திரி வீட்டுக்குப் போகிற அவசரத்தில் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்திருப்பான் போலிருக்கிறது, தங்கமாக ஓடியதாம்.

"சார், இனி ஏனும் தொந்தரே இல்லே. நிஷ்சிந்தையா இருங்க" என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லிவிட்டுப் போனான். இரண்டு நாள் கழித்து மறுபடியும் நீலம். மேஜைக்கு அடியில் தவழ்ந்து தவழ்ந்து சாம்புவுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. ஆயுசில் பாதியை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இரும்போடு மல்லாடிக் கழித்தவர். இந்தத் தகரப் பெட்டியிடம் தோற்றுக்கொண்டிருப்பது அவருக்கே சலிப்பாக இருந்தது.

கனகலக்ஷ்மிக்குக் காரணம் தெரியும். பக்கத்து வீட்டுக் கெம்பம்மா ஒரு நாள் வந்து, "நிம்ம மனேல, உங்க வீட்டுல, கம்ப்யூட்டரா!" என்று வாயைப் பிளந்துவிட்டுப் போனாள். அந்தக் கண்தான். செவ்வாய், வெள்ளி சுவாமிக்குக் காட்டிய கையோடு சாம்பிராணித் தூபக்காலை மேஜைக்கு அடியில் கொண்டுபோய்ப் பெட்டியை ஒட்டி வைத்துவிடுவாள். பிள்ளை இதற்குள்தானே வருகிறான்! ஒவ்வொரு தடவை அது படுத்துக்கொண்டபோதும் இன்னும் ஒரு பிடி சாம்பிராணி கூடியது.

சனிக்கிழமை காலையில் மல்லப்பனைக் கூப்பிட்டால் ஊரில் இல்லை என்றார்கள். சாம்பு பெருமூச்சு விட்டுவிட்டு, திருப்புளியை எடுத்துக்கொண்டு தாமே உட்கார்ந்தார். மூடியைக் கழற்றியதும் கோயில் கர்ப்பகிருகத்து வாசனை அடித்தது.

"கனகா, இங்க வா. மோந்து பாரு."

அவள் குனிந்தாள். "நம்மாத்துச் சாம்பிராணின்னா! எவ்வளவு நாள் நிக்கறது பாருங்கோ" என்றாள், பெருமையாக.

"நிக்கறதா? கல்லா இறுகிப் போயிருக்கு. இந்தக் குட்டி ஃபேன் சுத்தினாத்தான் உள்ளே சூடு ஆறும். நீ காட்டின புகையெல்லாம் உறிஞ்சி, பிசின் மாதிரி ஒட்டிண்டு, சுத்த முடியாம நிக்கறது. சூடு ஏறினதும் படுத்துண்டுடறது."

"நான் நல்லதுக்குத்தானே பண்ணினேன்" என்றாள் கனகலக்ஷ்மி. சாம்புவுக்குக் கோபம் வராமல் இல்லை. கத்தித் தீர்க்கத்தான் தெம்பில்லை. ஊக்கால் சுரண்டி, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டார். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் முனகிக்கொண்டே சுற்ற ஆரம்பித்தது.

படம் இறங்கியது. பூ, நெற்றி, கண், மூக்கு. இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. சிரிக்கிற வாய் வந்தது. மோவாய் வந்தது. நல்ல லட்சணமான முகம். அதற்குக் கீழே, ரோஜா மாலை. மாலைக்கு நடுவே புது மஞ்சள் சரடு.

"பொண் பாக்கச் சொல்றான்னு நெனச்சேன்" என்றார் சாம்பு.

கனகலக்ஷ்மி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பூ வெச்சிண்டிருக்காளேன்னு சந்தோஷப்பட்டேனே!"

வாரம் முழுக்க இவர்கள் மல்லுக்கட்டியது அங்கே யாருக்கும் தேவைப்படவே இல்லை. சாம்புவுக்கு அவமானமாக இருந்தது.

"நாளைக்கு அவன் கூப்பிட்டா என்ன சொல்றது?"

"சண்டை போட எனக்குத் தெம்பு இல்லே. நன்னா இருங்கோன்னு சொல்லிட்டு வெச்சுடுங்கோ." எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது கையில் தட்டு இருந்தது. சாம்பு பதறினார். "மறுபடியும் சாம்பிராணியா? பேடா தாயே, வேண்டாம்!"

"ஆரத்தின்னா. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்ச ஜலம். இதுல புகை ஏது? கல்யாணமாகி மொதல் தடவையா ஆத்துக்குள்ள வரா. எடுக்காம இருக்க முடியுமா?"

திரைக்கு முன்னால் மூன்று சுற்றுச் சுற்றினாள். விரலைத் தோய்த்து, சாம்புவுக்கு நன்றாகப் பழகிப்போன அந்த நெற்றியில் வைத்தாள். சிவப்பு ஜலம் கண்ணாடியில் மெல்ல வழிந்து மாலை வரைக்கும் இறங்கியது. சாம்பு அதைத் துடைக்கவில்லை.